பெட்டி இங்கே, சாவி எங்கே?

சித்தன்னவாசல் குன்றின் மேலே, ஏழடிப்பாட்டம் என்று மக்கள் வழங்கும் குகையில், சமண முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகள் 17 இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் ஓரத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்து இருக்கிறது. எருமி நாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் ஊர் இளையர் செய்தளித்த இருக்கை அது என்று அந்த எழுத்து சொல்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடுத்தது என்ன என்ற மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிட்டன! குன்றின் வேறொரு பக்கத்தில், அறிவர் கோயிலில், ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் திருப்பணி செய்த இளங்கௌதமன் பெயரும் அவ்வாறே கல்லில் நிற்கிறது.

பொதுக் காரியத்தின் கணக்கு ஊரறிய இருக்க வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிய பாடமன்று. இந்தக் குன்றிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது புதுக்கோட்டை மாநகராட்சி. அதன் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். பணம் தருபவர் யார்? செலவை முடிவு செய்பவர் யார்? மக்களுக்குப் பதில் சொல்பவர் யார்? கல்லில் ஒரு வரியில் கிடைத்த தெளிவு, காகிதத்தில் நூறு பக்கம் புரட்டினாலும் கிடைப்பதில்லை. ஏன்?

புதுக்கோட்டை நகராட்சி 1912-ஆம் ஆண்டு மன்னராட்சிக் காலத்தில் பிறந்தது. 1948-இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது; 1974-இல் தனி மாவட்டம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில், காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய நகரங்களோடு சேர்ந்து மாநகராட்சி என்ற தகுதியையும் பெற்றது. சுற்றியிருந்த ஊராட்சிகள் சில நகர எல்லைக்குள் வந்தன. நகராட்சித் தலைவர் இருந்த இடத்தில் மேயர் வந்தார். மகிழ வேண்டியதுதான், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பட்டம் வந்ததே, பணமும் அதிகாரமும் வந்தனவா?

வரவு செலவுத் திட்டம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மதிப்பீட்டை வகுப்பவர் ஆணையர். அவர் மாநில அரசு அனுப்பி வைக்கும் அதிகாரி. அரசு மாற்றினால் மறுநாள் வேறு ஊர் போய்விடுவார். வகுத்த மதிப்பீட்டை வரிவிதிப்பு நிதிக் குழு பார்க்கிறது. பிறகு மாமன்றம் நிறைவேற்றுகிறது. சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம், குடிநீர் வாரியத்துக்குச் செலுத்த வேண்டியது, பழைய கடனுக்குத் தவணை ஆகியவை முதலிலேயே கழிந்துவிடுகின்றன. மன்றத்தில் கை தூக்கும் உறுப்பினரின் முன் வந்து நிற்பது, பிறர் சமைத்து, பிறர் பரிமாறி, மிச்சம் வைத்த இலை!

ஆனால் தெரு விளக்கு எரியவில்லையென்றால் மக்கள் ஆணையர் வீட்டுக் கதவையா தட்டுகிறார்கள்? வார்டு உறுப்பினரைத் தேடித்தான் போகிறார்கள். வாக்குக் கேட்டு வந்தவர் அவர்தானே! பேனா ஒருவர் கையில், பழி மற்றொருவர் தலையில் என்றால் இது என்ன முறை?

வருமானத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது; மார்ச்சில் உறுப்பினர்கள் பதவியேற்றனர். ஒரு மாதம் முடிவதற்குள் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. கட்டடத்தின் பரப்பையும் ஊரின் தரத்தையும் பொறுத்து 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை! விகிதத்தை வகுத்தது கோட்டை. தீர்மானம் போட்டவை மன்றங்கள். கோட்டையைக் கேட்டால், பதினைந்தாவது நிதி ஆணையம் அப்படி நிபந்தனை விதித்தது, சொத்து வரியைச் சீர்செய்யாவிட்டால் மானியம் கிடைக்காது என்றார்கள். அதுவும் உண்மைதான். தில்லி சென்னையை இடித்தது. சென்னை புதுக்கோட்டையை இடித்தது. புதுக்கோட்டை மன்றம் வீட்டுக்காரரை இடித்தது. கடைசியில் இடிபட்டவர் யாரைக் கேட்பார்?

தொழில் வரியைப் பாருங்கள். உள்ளாட்சிகள் தண்டும் வரி இது. ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு கட்டிப் போட்டிருக்கிறது. அந்த உச்சவரம்பு 1988-இல் வைத்தது! அன்று விற்ற அரிசியின் விலை என்ன, சிமெண்டின் விலை என்ன? எல்லாம் ஏறின, உள்ளாட்சியின் இந்த ஒரு வரம்பு மட்டும் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. அதை உயர்த்தும் அதிகாரம் புதுக்கோட்டைக்கும் இல்லை, சென்னைக்கும் இல்லை, தில்லிக்கே உண்டு.

சித்தன்னவாசலுக்கே திரும்பிப் பாருங்கள். ஓவியத் தாமரைக் குளத்தைக் காண வருபவர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் மைய அரசின் தொல்லியல் துறைக்குப் போகிறது. நினைவுச் சின்னத்தைக் காக்கும் செலவு அதற்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வருகிறவர் நடக்கும் தெரு, குடிக்கும் நீர், போட்டுச் செல்லும் குப்பை ஆகியவை யார் பொறுப்பு? வழியிலுள்ள உள்ளாட்சிகளின் பொறுப்பு! வரவு ஒரு பக்கம், செலவு மறு பக்கம் என்று ஆட்சியின் அமைப்பே பிரித்து வைத்திருக்கும்போது, கணக்கில் துண்டு விழாமல் என்ன செய்யும்?

நகரத்தோடு இணைந்த ஊராட்சிகளின் கவலையையும் சொல்லியாக வேண்டும். ஊரக வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் நுழையாது. வரியோ நகர அளவில் வந்துவிடும். அந்த ஏழைக் குடும்பங்கள் இழந்த கூலிக்கு ஈடாகச் சாலையும் குடிநீரும் முதல் ஆண்டிலேயே வந்து சேர வேண்டாமா? அதை முடிவு செய்யும் இடம் வரவு செலவுத் திட்டமே. அதில் அவர்கள் குரல் கேட்காவிட்டால், இணைப்பு என்ற சொல் அவர்களுக்கு இழப்பு என்றே பொருள்படும்.

“தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பேனாவைக் கொடுத்தால் பணம் பாழாகும், அதிகாரி கையில் இருப்பதே பாதுகாப்பு” என்று சொல்வோர் உண்டு. சென்னையில் ‘மஸ்டர் ரோல்’ ஊழல் வெடித்து, 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டதைச் சான்று காட்டுவார்கள். ஊழல் நடந்தால் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் பிறகு 1996 வரை 23 ஆண்டுகள் சென்னை மக்களுக்கு மன்றமே இல்லாமற் போனதே, அது யாருக்குத் தண்டனை? 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டின் எல்லா நகர மன்றங்களும் பூட்டிக் கிடந்தன. மதிப்பீட்டை எழுதியவரும் அதிகாரி, அதை ஏற்றவரும் அதிகாரி! வலக்கை எழுதியதற்கு இடக்கை ஒப்பமிட்டது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 243-உ பிரிவு ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே வரவு செலவுத் திட்டத்தைச் சபையில் வைப்பவர் மேயர். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் அது இரண்டாம் முறையும் தோற்றது. சட்டப்படி மேயர் பதவி இழந்தார். அந்த மாத முடிவிலேயே வேறொருவர் மேயரானார். கட்சிச் சண்டைக்கும் அந்த முறை இடம் கொடுத்தது என்பது மெய்தான். ஆயினும் ஒன்று தெளிவு. திட்டம் யாருடையது, தோல்வி யாருடையது என்று யாழ்ப்பாணத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். புதுக்கோட்டையில் திட்டம் தோற்றால் யார் போவார்? ஒருவரும் போகமாட்டார்! பொறுப்பில்லாத இடத்தில் அக்கறை எப்படி முளைக்கும்?

பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கினார்கள். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை என்பதைக் குடியிருப்பவர்களே கூடிப் பேசி முடிவு செய்யும் முறை வந்தது. அவர்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே நாம் கேட்பவை இவை. முதல் மதிப்பீட்டை மேயரும் நிதிக் குழுவும் வகுக்கட்டும். ஆணையர் கணக்கறிந்து ஆலோசனை சொல்லட்டும், சட்டம் மீறினால் எழுத்தில் தடுக்கட்டும். அரசு தரும் மானியம் எவ்வளவு என்பதைத் திட்டம் எழுதும் முன்பே எழுத்தில் தெரிவிக்கட்டும். 2022 நவம்பர் முதல் நாளில் கூடத் தொடங்கிய பகுதி சபைகள் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால் கூடட்டும். வார்டுவாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தமிழில், தெளிவாக, தெருமுனைப் பலகையில் எழுதி வைக்கட்டும். தொழில் வரியின் வரம்பை நாடாளுமன்றம் உயர்த்தட்டும். தேர்தல், நாள் தவறாமல் நடக்கட்டும்.

இவற்றை எல்லாக் கட்சியாருக்கும், நம் தோழர்களுக்குந்தான் முதலில், சொல்கிறோம். மாநிலத்தின் உரிமைகளை ஆராய 1969-இல் இராஜமன்னார் குழுவை அமைத்த நாடு இது. நம் வரியைத் தில்லி வாங்கிக்கொண்டு நம்மிடமே நிபந்தனை பேசுகிறது என்று குமுறுகிறோம். நியாயமான குமுறல்! அதே குமுறல் புதுக்கோட்டையிலிருந்து சென்னையை நோக்கி எழுந்தால், அது மட்டும் அநியாயமா? மேலே இருப்பவரிடம் உரிமை கேட்கும் கை, கீழே இருப்பவரின் உரிமையை மூடி வைக்கலாமா?

எந்தக் கட்சி கோட்டையில் கொடியேற்றினாலும், இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டும். ஊர்ப் பெட்டியின் சாவியை ஊராரிடம் கொடுங்கள். கணக்கை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.