எண்ணிலும் இந்திதானா?

திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அரசனின் ஆட்சியாண்டையும் நில அளவையும் தமிழ் எண்குறிகளால் பொறிக்கும் வழக்கம் வாழ்ந்த காலம் அது. அக்கோயிலுக்கு அணித்தேயுள்ள அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இன்று கணினியில் எழுத்துக் கோக்கும் தமிழர், பத்துத் தீர்மானங்களுக்குத் தமிழ் எண்ணிட்டு நேராக நிறுத்த இயலாமல் இடர்ப்படுகின்றனர். இறுதியில், "தமிழ் எண் கோணும்" என்று கூறி அதனை அகற்றிவிடுகின்றனர்.

கோணுவது தமிழ் எண்ணா? அன்று!

'வேர்டு' மென்பொருளில் பட்டியலுக்குத் தானே எண்ணிடும் அமைப்பு உண்டு. அதில் எண்கள் ஒரு நிரலில் நிற்கும். அடுத்த வரி, மேல்வரியின் எழுத்துக்கு நேர்கீழே தொடங்கும். ஓர் உருப்படியை நீக்கினால் எஞ்சிய எண்கள் தாமே திருந்தும். அவ்வமைப்பில் தமிழ் எண்ணுக்கு இடமில்லை. ஆகவே கையால் எண்ணைத் தட்டி, இடைவெளிக் கட்டையை அழுத்தி அழுத்தி வரியை ஒதுக்குகின்றனர். ௯ கடந்து ௧௦ வந்ததும் எண்ணின் அகலம் கூடுகிறது, வரி விலகுகிறது. பழி தமிழ்மேல் விழுகிறது!

'வேர்டு' கோப்புகளின் வடிவம் 2008-இல் ஐ.எசு.ஓ. 29500 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அதில் பெயர் குறித்து அடுக்கப்பெற்ற எண்முறைகளைக் காண்க: இந்தி உயிரெழுத்து, இந்தி மெய்யெழுத்து, இந்தி எண், இந்தி எண்ணுப்பெயர் என இந்திக்கு மட்டும் நான்கு! தாய்லாந்து மொழிக்கு மூன்று. ஈபுரு மொழிக்கு இரண்டு. தமிழுக்கோ ஒன்றுமில்லை. வங்கத்திற்கும் தெலுங்கிற்கும் அதே நிலைதான். இந்தியா என்றால் இந்தி என்று உலகம் எண்ணுவதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

குறிகள் இல்லாமையால் நேர்ந்த குறையும் அன்று இது. ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ என்பனவும் 1991-இலேயே ஒருங்குறியில் ஏறிவிட்டன. தமிழ்ச் சுழியம் 2005-இல் சேர்ந்தது. வலைப்பக்க நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பட்டியல் எண்முறைகளுள் தமிழையும் பெயர் குறித்தே சேர்த்துள்ளது. அங்கு இயல்வது இங்கு இயலாதா?

"தமிழ் எண்ணை யார் கேட்கின்றனர்?" என்பார் உளர். கேளாத வாய்க்குச் சோறு எங்கிருந்து வரும்? தமிழர் கேட்கவில்லை, ஆதலின் தரப்படவில்லை. தரப்படாமையால் எவரும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாமையையே காட்டி மீண்டும் மறுக்கின்றனர். இவ்வளையத்தை அறுக்க வேண்டியவர் தமிழரே.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. இடைவெளிக் கட்டையைத் தொடாதீர்! எண் முடியும் இடத்தில் வலப்பக்கம் ஒட்டும் 'டேப்' நிறுத்தம் ஒன்று வையுங்கள். ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ்ப் பத்தும் தாமே நிற்கும். உரை தொடங்கும் இடத்தில் தொங்கு ஓரம் அமையுங்கள், வரிகள் நேராகும். கழகத் தீர்மானம், திருமண அழைப்பு, நூற்பொருளடக்கம் அனைத்திலும் தமிழ் எண் ஏறட்டும். மென்பொருள் நிறுவனங்களுக்கும் தமிழக அரசுக்கும் கோரிக்கைகள் குவியட்டும். அக்கோரிக்கைகளின் வரிசை எண்ணும் ௧ என்றே தொடங்கட்டும்!