நாய்க்கு ஊசி போட்டாச்சு, ஆளுக்கு?

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நவம்பர் 7-ல், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் பிடிக்கும் நாய்களைத் திருப்பி விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது.

இந்தக் களேபரத்தில் இங்கே டெல்லியில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டே கட்சிதான். நாய் பாவம், இல்லாவிட்டால் குழந்தை பாவம். கூண்டுக்குள் கையை விடப்போகிற ஆள் பாவம் என்று ஒருத்தர்கூட எழுதக் காணோம்!

யோசித்துப் பாருங்கள் மக்களே. மூர்க்கமான நாயை மட்டும் உள்ளே வை என்றால் என்ன அர்த்தம்? தெருவில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஆபத்தை மூட்டை கட்டி, தினமும் கூண்டு கழுவுகிற நாலு பேர் தலையில் ஏற்றுகிறோம்.

கேட்டால், "இந்த வேலையில கடிபடறது சகஜம் சார்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த 'சகஜ'த்தைக் கேட்டால்தான். கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஷாக் அடிப்பது சகஜம் என்றா விடுகிறோம்? லைனை அணைத்துவிட்டுத்தானே ஏறச் சொல்கிறோம்?

நாய் எப்போது கடிக்கும் என்பது ஒன்றும் தேவரகசியம் இல்லை. கூண்டு கழுவும்போது, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது, சண்டையை விலக்கும்போது, ஆபரேஷன் மயக்கம் தெளியும்போது. ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. கூண்டின் நடுவே வெளியிலிருந்து இழுக்கிற தடுப்புக் கதவு வைத்தால், நாயை அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் கழுவலாம். வராந்தாவுக்கு இரட்டைக் கதவு. புதிய நாய், பயந்த நாய் என்றால் தனியாக உள்ளே போகக்கூடாது. சண்டையில் கை நுழையக்கூடாது, பலகையோ தண்ணீரோ போதும். ஏற்கெனவே கடித்த நாயின் கூண்டில் சிவப்பு அட்டை. எல்லாமே தச்சரும் வெல்டரும் செய்கிற வேலை.

அடுத்தது ஊசி. கருத்தடைக்கு வரும் நாய்க்குத் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமும் வெட்டி அனுப்புகிறார்கள். பிடித்து வந்தவருக்குப் போட்டாச்சா? கடிபடும் முன்பே போடுகிற ஊசி இருக்கிறது. தொடங்கும் நாள், 7-ம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள், அவ்வளவுதான். இரண்டு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. இதைப் போட்டவருக்கு, கடித்தால் அன்றும் மூன்று நாள் கழித்தும் இரண்டே ஊசி. போடாதவருக்கு ஆழமான கடி என்றால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்தியாகவேண்டும். நேரத்துக்கு அது கிடைக்காவிட்டால்? அறிகுறி தெரிந்த ரேபிஸிலிருந்து பிழைத்தவர்களை உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊசி போட்டிருந்தாலும் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் கட்டாயம்.

ஆனால் கிழிந்த தசைநாரை எந்த ஊசியும் ஒட்டவைக்காது. கை மடங்காத தினக்கூலிக்கு யார் சோறு போடுவது? வேலையில் காயம்பட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்த நாடு இது. அந்த முதலாளி மாநகராட்சியா, காண்ட்ராக்டரா, தொண்டு நிறுவனமா என்று பந்தாடுவதில்தான் ஆள் நடுத்தெருவில் நிற்கிறார்.

"நன்கொடையில் ஓடுகிற இடம், காசுக்கு எங்கே போவது?" என்று சண்டைக்கு வராதீர்கள். காசு இல்லையென்றால் நாயைக் குறைவாக எடுங்கள். இருபது நாய்க்கான இடத்தில் அறுபதை அடைத்தால் நாய்க்கும் நரகம், ஆளுக்கும் நரகம். பயந்துபோன ஆள் தடியை எடுப்பார். தடியைப் பார்த்த நாய் இன்னும் கடிக்கும். ஆளைக் காப்பாற்றாத இடத்தில் நாயும் பிழைக்காது.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் பலர் பிள்ளை பிறந்தநாளுக்கும் பெரியவர்கள் திதிக்கும் இம்மாதிரி இடங்களுக்குப் பணம் அனுப்புகிறோம். அனுப்புமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். எல்லா ஆளுக்கும் ஊசி போட்டாச்சா? கூண்டில் தடுப்புக் கதவு இருக்கிறதா? கடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளம் உண்டா? பதில் மழுப்பினால், கொடுக்கிற பணத்தை அந்தக் கதவுக்கென்று சொல்லிக் கொடுங்கள்.