அடிபட்டது பெயர் மட்டும்தான்

2017 மே 12, வெள்ளிக்கிழமை, உலகெங்கும் பரவத் தொடங்கியது வானாக்ரை வைரஸ். மறுநாளே சென்னை அருகே உள்ள ஒரகடத்துக்கு வந்துவிட்டது. அங்குள்ள ரெனோ–நிசான் கார் ஆலையில் உற்பத்தி பாதிக்கப்பட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது அந்த வைரஸ்.

அது பூட்டியது நகலைத்தான். அசலைத் தனியாக அழித்தது.

அந்த அழிப்பில் ஓட்டைகள் இருப்பதை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கையின் ஆய்வாளர்கள் ஜூன் மாதம் கண்டு சொன்னார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்தவற்றின் மேல் வேறு தரவை எழுதிவிட்டுத்தான் வானாக்ரை அழித்தது. அவை போனவைதான். மற்ற இடங்களில் இருந்த பலவற்றை வெறுமனே டெலிட் செய்தது. அவற்றை மீட்க வழி இருந்தது. 'படிக்க மட்டும்' என்று குறித்த ஃபைல்களை அதனால் அழிக்கவே முடியாமல், மறைத்து மட்டும் வைத்தது.

கை தவறி டெலிட் செய்தவருக்கும் இதே கணக்குதான். விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிவேட்டில் ஓர் இடம் வைத்திருக்கிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால், 'இந்த இடம் காலி' என்று பதிவேடு மாறும். தரவு டிஸ்க்கிலேயே கிடக்கும். பட்டாவில் பெயரை அடித்ததும் வீடு இடிந்துவிடுவதில்லை. வேறொருவர் வந்து அங்கே கட்டத் தொடங்கும்போதுதான் இடிபடுகிறது.

ஒரகடம் வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டை, வல்லம் பக்கத்துச் சிறு பட்டறைகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சிஎன்சி இயந்திரத்தின் புரோகிராம் காணாமல் போன பதற்றத்தில், மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்தால், அதுவே நாம் தேடும் ஃபைலின் மேல் போய் உட்கார்ந்துவிடலாம். கணினியை உடனே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் அதற்கு முழு நகல் எடுக்க வேண்டும். ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளை அந்த நகலில் ஓட்டலாம். பதிவேடு சிதைந்திருந்தாலும் பல வகை ஃபைல்களை அவற்றின் தொடக்கக் குறியை வைத்தே ஃபோட்டோரெக் கண்டுபிடிக்கும்.

டிஸ்க் எஸ்எஸ்டி வகை என்றால் அவகாசம் மிகக் குறைவு. 'டிரிம்' கட்டளை போனதும், காலி என்று குறித்த இடத்தை டிரைவே துடைத்துவிடும்.

திட்டு விழுமே என்று ஆபரேட்டர் விஷயத்தை மறைத்து, ஷிஃப்ட் முடியும்வரை அதே கணினியில் வேலை பார்த்தால், அத்தனை நேரமும் புதிய தரவு ஏறிக்கொண்டே இருக்கும். பட்டறைச் சுவரில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வேண்டும்: 'ஃபைல் டெலிட் ஆகிவிட்டதா? எதையும் சேமிக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.' அதன் கீழே முதலாளியே கையெழுத்துப் போட வேண்டும்.