பிறந்த குழந்தைக்கும் வலிக்கும்: ஊசி நேரத்தில் செவிலியர் என்ன செய்யலாம்?

பிறந்ததும் ஹெபடைட்டிஸ்-பி, பி.சி.ஜி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் அடுத்தடுத்து தடுப்பூசிகள். கொடைக்கானல் மலையில் பூம்பாறையோ மன்னவனூரோ, எங்கே பிறந்தாலும் இதுதான் கணக்கு. "ஊசின்னா குழந்தை அழத்தானே செய்யும்" என்று நாம் கடந்துவிடுகிறோம். ஆனால், அந்த வலியைச் செலவே இல்லாமல் குறைக்க முடியும்.

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியுமா?

நல்லாவே தெரியும். 1980-கள் வரை பல மருத்துவர்களே இதை நம்பவில்லை. போதிய மயக்க மருந்து இல்லாமலே பச்சிளம் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்தின் 1987 ஆய்வுகள்தான் அந்த எண்ணத்தை மாற்றின.

சொல்லத் தெரியாத வலியை எப்படி அளப்பது?

கனடாவைச் சேர்ந்த செவிலிய ஆய்வாளர் பானி ஸ்டீவன்ஸ் குழுவினர் 1996-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். புருவச் சுருக்கம், இறுகும் கண், இதயத் துடிப்பு, ரத்த ஆக்ஸிஜன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, குறைமாதக் குழந்தையின் வலியைக்கூட கணிக்கலாம்.

என்ன செய்யலாம்?

ஊசிக்குச் சற்று முன்போ, போடும்போதோ தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையை அம்மா அணைத்துப் பிடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே இதைப் பரிந்துரைத்துவிட்டது. மருத்துவமனைகளில் சில சொட்டு சர்க்கரைக் கரைசலும் தருவதுண்டு. வீட்டில் அதை முயலக் கூடாது.

செவிலியர் ஏன் முக்கியம்?

ஊசி அவர் கையில்தான் இருக்கிறது. "பால் கொடுத்துக்கிட்டே இருங்கம்மா" என்று அவர் சொன்னால், மலைக் கிராமத்திலும் இது நடக்கும். அவர் மறந்தால், அம்மாவே கேட்கலாம்.