தேருக்கு வழி விட்டோம்… ஆம்புலன்ஸுக்கு?



திட்டமிட்ட நகரம் எது என்று கேட்டால் 'சண்டிகர்' என்று எழுதி மார்க் வாங்கிவிடுவோம். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அணுமின் நிலைய ஊழியர்களுக்காகக் கட்டிய அணுவிஜய் நகரியம் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கு! திட்டமிட்ட ஊரில் முதலில் வரைபடம், அப்புறம் ரோடு, சாக்கடை, கடைசியில்தான் வீடு.

நம்ம ஊரில் நேர் தலைகீழ். முதலில் வீடு, மிச்சம் கிடந்த இடம்தான் தெரு. 2002-ல் அணுமின் நிலையக் கட்டுமானம் தொடங்கிய பிறகு வெளியூர், வெளிமாநில ஆட்கள் வந்தார்கள். வாடகை வீடும் கடையும் பெருகின. தெரு மட்டும் பெருகவில்லை. ஆளாளுக்கு வாசல்படியைத் தெருவில் இறக்கினோம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி எங்க ஆச்சிக்கு மூச்சுத்திணறல். 108 வந்தது, தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணன்மாரும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்கள். ஆச்சி பிழைத்துவிட்டாள். எல்லாருக்கும் அப்படி நேரம் கிடைக்குமா?

அதற்காக நம்ம ஊரே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரு சத்தம் கொடுத்ததும் எட்டுப் பேர் ஓடி வந்தார்களே, அது எந்த வரைபடத்திலும் கிடையாது. "நகரியம் மாதிரி இடத்துக்குப் போவோமா ஆச்சி?" என்று கேட்டேன். "ஏட்டி, அங்க திண்ணை உண்டா? பேச ஆளு உண்டா?" என்கிறாள்.

திட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சண்டிகரே சாட்சி. 5 லட்சம் பேருக்கு என்று திட்டமிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் அந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் திட்டம் நம்ம ஆட்களுக்குப் புதுசா என்ன? மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று. நம்ம நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். ஆனித் திருவிழாவில் அவ்வளவு பெரிய தேர் சுற்றி வருதே, எப்படி? தெருவில் என்ன போகணும் என்று யோசித்து இடம் விட்டார்கள். திட்டம் என்பது அவ்வளவுதான்!

யார் வீட்டையும் இடிக்க வேண்டாம். என் யோசனை மூன்று:

1. இனிமேல் கட்டும் வீட்டின் படி, தெருவுக்குள் இறங்கக் கூடாது.

2. புதிதாக மனை பிரிக்கும்போது 108 நுழையும் அகலமும் சாக்கடைக்கு இடமும் விட வேண்டும்.

3. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து நம்ம ஊர்த் தெருக்களை வரைவோம். எங்கே தண்ணீர் தேங்குது, எங்கே வண்டி நுழையாது என்று குறித்து, கிராம சபையில் கொடுப்போம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆம்புலன்ஸை மறித்த படிகளில் எங்கள் வீட்டுப் படியும் ஒன்று. இப்போது அதை உடைத்துவிட்டோம். உங்கள் வீட்டுப் படி எங்கே இருக்கிறது? இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி