அறிவியல் போட்ட உத்தரவா?

கொரோனா பெருந்தொற்றின்போது அறிவியல் சொன்னபடி நடந்தோம் என்று பிரிட்டனின் அப்போதைய ஆளுங்கட்சி சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. இந்தச் சண்டையில் இருவரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. ஊரை எப்போது அடைப்பது, பள்ளியை எப்போது திறப்பது, யாரைப் பரிசோதிப்பது என்பதற்கெல்லாம் அறிவியலிடம் விடை தயாராக இருந்தது; அதை எடுத்து நடப்பதோ விடுவதோதான் அரசின் வேலை என்பதே அது. படித்தவர்களிடையே இன்றும் வேரோடியிருக்கும் இந்த நம்பிக்கை தவறானது. ஆட்சியில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியானதும்கூட.

கிருமி எவ்வளவு வேகமாகப் பரவும், எந்த வயதினரை அதிகம் கொல்லும், இன்ன கட்டுப்பாடு போட்டால் பரவல் எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் அறிவியல் கணித்துச் சொல்லலாம். அதையும் ஏற்ற இறக்கங்களோடுதான் சொல்ல முடியும். எண்பது வயது மூதாட்டியின் உயிருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் படிப்புக்கும் நடுவே எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்து பார்க்கக் கூடியதல்ல. மழை பெய்யும் என்று வானிலை மையம் சொல்லும். பள்ளிக்கு விடுமுறை விடுவது கலெக்டர். விடுமுறை விட்டு வெயிலடித்தாலும், விடாமல் வெள்ளம் வந்தாலும் ஜனங்கள் கலெக்டரைத்தான் திட்டுவார்கள், முறையும் அதுதான். 2020இல் லண்டனில் நடந்ததோ, வானிலை அதிகாரியை முன்னால் நிறுத்திவிட்டுக் கலெக்டர் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட கதை.

பிரிட்டனில் நெருக்கடிக் காலத்தில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் குழுவுக்கு சேஜ் என்று பெயர். தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வேலன்ஸும் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியும் அதை நடத்தினார்கள். கொரோனாவுக்காக அது முதலில் கூடியது 2020 ஜனவரி 22 அன்று. குழுவின் அமைப்பே பலருக்குத் தெரியாது. அரசு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் அதன் முதன்மையான வேலை. பொருளாதாரம் அதன் வரம்புக்குள் வராது. உறுப்பினர் பட்டியல் மே 4 வரை வெளியே வரவில்லை; கூட்டக் குறிப்புகள் வரிசையாக வெளிவரத் தொடங்கியது அந்த மாதக் கடைசியில்தான். அதாவது, அரசு தன் முடிவுகளுக்கெல்லாம் சாட்சியாகக் காட்டிய குழுவில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று மிக முக்கியமான நாள்களில் நாடாளுமன்றத்துக்கே தெரியாது. டவுனிங் தெருச் செய்தியாளர் சந்திப்பில் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு இரு பக்கமும் வேலன்ஸும் விட்டியும் நின்றதைத்தான் நாடு பார்த்தது.

குறிப்புகள் வெளியானபோது, அறிவியல் என்ற பெயரில் எதெல்லாம் உள்ளே வந்திருந்தது என்று தெரிந்தது. மிகத் தெளிவான உதாரணம் பரிசோதனை. நோயாளி ஒருவரைக் கண்டுபிடித்து, அவரோடு பழகியவர்களைத் தேடித் தனிமைப்படுத்தும் பணியை 2020 மார்ச் 12 அன்று பிரிட்டன் கைவிட்டது. இனிப் பரிசோதனை பெரும்பாலும் மருத்துவமனைக்குள் மட்டும். வீட்டில் இருமிக்கொண்டிருப்பவர் ஏழு நாள் வெளியே வராமல் இருந்தால் போதும். தொற்றைக் கட்டுப்படுத்தும் கட்டத்திலிருந்து தாமதப்படுத்தும் கட்டத்துக்கு நகர்வதாக இதற்கு விளக்கம் தரப்பட்டது. கேட்பவர்களுக்கு நோயியல் பாடப்புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் போலிருந்தது. ஆனால் பிப்ரவரி 18ஆம் தேதிக் கூட்டக் குறிப்பில் வேறொரு கணக்கு இருக்கிறது. பொதுச் சுகாதார அமைப்பால் வாரத்துக்கு ஐந்து நோயாளிகளின் தொடர்புகளைத்தான் தேட முடியும். ஐந்து பேர் என்றால் ஏறத்தாழ 800 தொடர்புகள். முயன்றால் அதை 50 நோயாளிகள், 8,000 தொடர்புகள் என்று உயர்த்தலாம். ஆறரைக் கோடிப் பேர் வாழும் நாட்டில், வாரத்துக்கு ஐந்து! ஆளும் இல்லை, ஆய்வகமும் போதவில்லை. அது ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்ட, ஒதுக்கப்படாத பணத்தின் விளைவு. இருக்கும் வசதிக்குள் என்ன செய்யலாம் என்று விஞ்ஞானிகளைக் கேட்டால், அவர்கள் அதற்குள்தான் பதில் சொல்வார்கள். வசதியைப் பெருக்கக் கஜானாவைத் திறப்பது அமைச்சரவை எடுக்க வேண்டிய முடிவு. தென் கொரியா அதே வாரங்களில் பரிசோதனையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அங்கே கிருமி வேறா, அறிவியல் வேறா?

ஆலோசனை வந்த வேகத்துக்கும் ஆட்சியாளர் நடந்துகொண்ட விதத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட மார்ச் 3 ஒன்றே போதும். கைகுலுக்குவதைத் தவிர்க்கும்படி மக்களுக்கு அரசு அறிவுறுத்த வேண்டும் என்று சேஜின் நடத்தையியல் துணைக்குழு அன்று எழுதிக்கொடுத்தது. அதே நாளில் ஜான்சன், கொரோனா நோயாளிகள் இருந்த மருத்துவமனைக்குப் போனதாகவும் எல்லோரிடமும் கைகுலுக்கியதாகவும் செய்தியாளர்களிடம் பெருமையாகச் சொன்னார். கட்டுப்பாடுகளைச் சீக்கிரம் போட்டால் மக்கள் சலித்துப்போய் மீறுவார்கள் என்ற வாதமும் அந்த வாரங்களில் மேடையிலிருந்து அறிவியலாகவே சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு 600க்கும் மேற்பட்ட நடத்தையியல் அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

இரண்டு மீட்டர் விவகாரம் இன்னும் சுவையானது. ஆளுக்கு ஆள் விட வேண்டிய இடைவெளி பிரிட்டனில் 2 மீட்டர், ஜெர்மனியில் ஒன்றரை. குறைந்தது ஒரு மீட்டர் போதும் என்றது உலக சுகாதார அமைப்பு. நாட்டுக்கு நாடு நுரையீரல் மாறுவதில்லை. இடைவெளி குறையக் குறைய ஆபத்து கூடும் என்பதுதான் அறிவியல். ஒரு மீட்டரில் ஆபத்து, இரண்டு மீட்டரில் இருப்பதைப்போல் இரண்டு முதல் பத்து மடங்கு வரை இருக்கலாம் என்று சேஜ் சொன்னது. அந்தச் சரிவில் எந்தப் புள்ளியில் கோடு கிழிப்பது? 2 மீட்டர் விதியில் பாதி மேசைகளைக்கூடப் போட முடியாது என்று மதுக்கடைக்காரர்களும் உணவகக்காரர்களும் கெஞ்சினார்கள். ஜூலை 4 முதல் இங்கிலாந்தில் விதி, முன்னெச்சரிக்கைகளோடு ஒரு மீட்டராகக் குறைந்தது. தொழில் பிழைக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். அந்தக் காரணத்தை அதன் பெயரிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில் நிதியமைச்சர் ரிஷி சுனக், திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குப் பாதி விலையை அரசே கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். தலைக்கு 10 பவுண்டு வரை தள்ளுபடி. சுமார் 16 கோடிச் சாப்பாடுகளுக்கு ஏறத்தாழ 85 கோடி பவுண்டு செலவானது. வீட்டுக்கு வெளியே, மூடிய அறையில், முகக்கவசம் இல்லாமல் மக்களை ஒன்றாக உட்காரவைக்க அரசு பணம் கொடுத்த இந்தத் திட்டம் பற்றி அறிவிக்கும் முன் தங்களிடம் கேட்கவில்லை என்று வேலன்ஸும் விட்டியும் பின்னால் கொரோனா பற்றிய பொது விசாரணையில் சொன்னார்கள்.

செப்டம்பரில் தொற்று மறுபடி ஏறியது. 20ஆம் தேதி ஜான்சன் எதிரெதிர்க் கருத்துள்ள விஞ்ஞானிகளைக் காணொளியில் அழைத்துக் கேட்டார். பரவலான முடக்கம் கூடாது என்ற சுனேத்ரா குப்தாவும் கார்ல் ஹெனகனும் அதில் இருந்தார்கள். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் டெக்னெலும் இருந்தார். கடும் நடவடிக்கை வேண்டும் என்ற ஜான் எட்மண்ட்ஸும் இருந்தார். நால்வரும் விஞ்ஞானிகள். அறிவியலைப் பின்பற்றுவது என்றால் அந்தக் கூட்டத்தில் யாரைப் பின்பற்றுவது? மறுநாள் சேஜ், உடனே பரிசீலிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியலைக் கொடுத்தது. குறுகிய கால முழு முடக்கம், வீட்டிலிருந்தே வேலை, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரை வீட்டுக்குள் சந்திக்கத் தடை, மதுக்கடைகள், உணவகங்கள் போன்றவற்றை மூடுதல், கல்லூரி வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுதல் என ஐந்து. அரசு உடனே எடுத்துக்கொண்டது வீட்டிலிருந்து வேலை என்ற ஒன்றை. பட்டியலில் இல்லாத இன்னொன்றைத் தானே சேர்த்தது: மதுக்கடைகளை இரவு 10 மணிக்கு மூடுவது. இந்தக் குறிப்பு பொதுமக்கள் கண்ணில் பட்டது மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 12 இரவு. மறுநாளே தொழிற்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர், அறிவியலைப் பின்பற்றிக் குறுகிய முடக்கம் கொண்டுவர வேண்டும் என்றார். அவரும் அதே குடைக்குள்தான் ஒதுங்கினார். அந்த முடக்கத்தால் வேலை இழப்பவர்களின் கணக்கைச் சொல்லி, அதையும் மீறி இது வேண்டும் என்று வாதிடுவதைவிட இது எளிது.

அறிவியலிடம் விடை தயாராக இருந்தது என்ற நம்பிக்கையைத் தகர்க்க அந்த அக்டோபரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரே தீவுக்கூட்டம், ஒரே கிருமி, மேசையில் அதே சேஜ் ஆலோசனை. வேல்ஸ் அரசு அக்டோபர் 23 முதல் நவம்பர் 9 வரை முழுமையாக அடைத்தது. வட அயர்லாந்து 16ஆம் தேதியே உணவகங்களுக்குப் பூட்டுப் போட்டது. ஸ்காட்லாந்து தன் நடுப்பகுதியில் மதுக்கடைகளை மூடியது. இங்கிலாந்து, பகுதிவாரியாக மூன்று அடுக்குக் கட்டுப்பாடு என்று தொடங்கி, மாதக் கடைசியில் மனம் மாறி, நவம்பர் 5 முதல் நான்கு வாரம் அடைத்தது. நான்கு அரசுகள், நான்கு முடிவுகள். அறிவியல் உத்தரவு போடும் என்றால் இது நடந்திருக்க முடியாது.

அரசு அறிவியலுக்குப் பின்னால் ஒளியும்போது பழி எந்தத் திசையில் ஓடும் என்பதற்கு முதியோர் இல்லங்களின் கதை ஆதாரம். மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்ய, 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை சுமார் 25,000 நோயாளிகள் இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பும் முன் எல்லோருக்கும் பரிசோதனை கட்டாயமில்லை. அறிகுறி இல்லாதவர்களும் தொற்றைப் பரப்பக்கூடும் என்று வேலன்ஸ் மார்ச் 13 அன்று வானொலியிலேயே சொல்லியிருந்தார். தந்தையரைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்றது. அறிகுறியற்ற பரவலின் ஆபத்தை அமைச்சர் பரிசீலித்ததற்கு ஆதாரமே இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அப்போதைய சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் தரப்பு சொன்ன பதில்: பொதுச் சுகாதார அமைப்பு தனக்குத் தெரிந்ததை அமைச்சர்களிடம் சொல்லவில்லை.

இதே நம்பிக்கையின் மறுபக்கமாக, விஞ்ஞானிகள்தான் நாட்டை ஆண்டார்கள், முடக்கத்தால் வந்த நாசத்துக்கெல்லாம் அவர்களே காரணம் என்று வேறொரு கூட்டம் சொல்கிறது. 2022 ஆகஸ்டில், கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, விஞ்ஞானிகளுக்கு அளவுக்கு மீறி அதிகாரம் கொடுத்தது தவறு என்றார் சுனக். பாதி விலைச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு அந்த விஞ்ஞானிகளிடம் ஒரு வார்த்தை கேட்காதவர் அவர். இந்தக் கூட்டம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு மார்ச் 16 அன்று வெளியிட்ட 5,10,000 மரணம் என்ற எண். அவ்வளவு பேர் சாகவில்லையே, கணக்கு பொய்த்ததே என்பது அவர்கள் வாதம். அரசும் மக்களும் எதுவுமே செய்யாமல் இருந்தால் என்பது அந்த எண்ணுக்கான நிபந்தனை. அறிக்கையிலேயே அது எழுதியிருக்கிறது. நிபந்தனையை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியதில் முடக்கத்தை ஆதரித்தவர்களும் சளைத்தவர்களல்ல.

அப்படியானால் அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டு நிபுணர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஸ்வீடன் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. அங்கே அரசுத் துறைகளின் தனிப்பட்ட முடிவுகளில் அமைச்சர்கள் தலையிட அரசமைப்புச் சட்டம் இடம் தராது. பொதுச் சுகாதார முகமையும் அதன் தொற்றுநோயியல் தலைவர் டெக்னெலுமே நாட்டின் முகமானார்கள். பெரும்பாலும் கட்டாய முடக்கம் இல்லை, சிறு பிள்ளைகளின் பள்ளிகள் திறந்தே இருந்தன, அறிவுரைதான் பிரதானம். முதியோர் பராமரிப்பில் விழுந்த அடி பலமானது; 2020 டிசம்பரில் மன்னரே நாம் தோற்றுவிட்டோம் என்றார். விசாரணை ஆணையம் 2022 பிப்ரவரியில் தந்த இறுதி அறிக்கை, கட்டாயத்தைவிட அறிவுரையை நம்பிய பாதை அடிப்படையில் சரி என்றது. தொடக்கத்தில் இன்னும் விரைவாகவும் உறுதியாகவும் நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் முக்கியக் கண்டனங்களில் ஒன்று, ஒரே முகமையின் மதிப்பீட்டையே அரசு அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தது என்பது. நாட்டை வழிநடத்தும் பொறுப்பு அரசுடையது என்று ஆணையம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

பிரிட்டனின் விசாரணையில் 2023இல் சாட்சியம் சொன்ன விட்டி, அறிவியலைப் பின்பற்றுகிறோம் என்று அரசு சொன்னது முதலில் தங்களுக்கு நல்லதாகவே பட்டது என்றும், சீக்கிரமே அது கழுத்தில் கட்டிய கல்லாகிவிட்டது என்றும் சொன்னார். அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய முன்னாள் நீதிபதி ஹெதர் ஹேலட்டின் அறிக்கை 2025 நவம்பரில் வந்தது. ஒரு வாரம் முன்னதாக, மார்ச் 16 அன்றே முடக்கம் வந்திருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் சுமார் 23,000 உயிர்கள் பிழைத்திருக்கலாம் என்ற கணித மாதிரியின் மதிப்பீடு தலைப்புச் செய்தியானது. அதைவிட முன்பே மிதமான நடவடிக்கைகள் வந்திருந்தால் முடக்கமே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்று அதே அறிக்கை சொன்னது அவ்வளவாகக் காதில் விழவில்லை. அவரவர் தமக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார்கள். சேஜ் பற்றி அறிக்கை சொன்னது இன்னும் குறைவாகவே பேசப்பட்டது. மிகக் குறுகிய அவகாசத்தில் தரமான ஆலோசனையைத் தந்த அந்தக் குழுவின் பயன் குறைந்துபோனதற்கு அறிக்கை சொல்லும் காரணங்களில் ஒன்று, தான் எட்ட நினைக்கும் இலக்கு என்ன என்று அரசு அதனிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது.