கண்ணின் மேல் சாட்டும் குற்றம்

உளவியல் வகுப்புகளில் காட்சிப் பிராந்திகளை நம் கண்கள் செய்யும் பிழைகளாக வரிசைப்படுத்திக் காட்டி, மாணாக்கரை ஒரு கணம் வியக்கவைத்து, அவ்வளவோடு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடும் வழக்கம் இன்னும் நீடித்து வருவது மிகவும் வருந்தத்தக்கதாகும்.

1824ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கோபெலின் திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவராக நியமனம் பெற்ற மிஷெல் ஷெவ்ருல் என்னும் ரசாயன சாஸ்திரி, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டச் சேர்த்த கறுப்பு நூல் வலுவிழந்து தோன்றுகிறது என்ற முறையீட்டை ஆராயப் புகுந்து, சாயத்தில் குறை யாதும் இல்லை என்றும், அருகில் நின்ற வர்ணங்களே கறுப்பின் தோற்றத்தை மாற்றிவிட்டன என்றும் கண்டறிந்து, 1839இல் அதைப் பெருநூலாகவே எழுதி வெளியிட்டார். விழித்திரையில் மூவகைக் கூம்பணுக்கள் உண்டு என்று மனனம் செய்தவுடன் வர்ணத்தின் ரகசியம் முழுதும் விளங்கிவிட்டதாக எண்ணும் மாணாக்கருக்கு இவ்வரலாற்றை அவசியம் சொல்ல வேண்டும்.

1995இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஏடல்சன் வரைந்த, ஓர் உருளையின் நிழல் விழும் சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலுக்கு வெளியேயுள்ள 'கரிய' கட்டமும், அந்நிழலுக்குள் இருக்கும் 'வெண்மையான' கட்டமும் தாளில் ஒரே சாம்பல் நிறத்தவை. கண்ணை வந்தடையும் ஒளியில், விளக்கின் பங்கும் பொருளின் பங்கும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால், மனம் நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தையே நமக்கு அறிவிக்கிறது. அக்கழித்தல் இல்லாவிடில் உச்சிவெயிலில் வெண்மையாயிருந்த வேட்டி திண்ணை நிழலுக்கு வந்ததும் சாம்பலாகத் தோன்றும். இத்தகைய அரிய உபகாரத்தைப் பிழை என்று பெயரிட்டுக் கற்பிப்பது எவ்வாறு தகும்?

கயிற்றில் தோன்றிய அரவு, விளக்கு வந்ததும் அகன்றுவிடும் என்பது நம் வேதாந்திகளின் திருஷ்டாந்தம். ஏடல்சனின் படமோ, உண்மையை அறிந்த பின்னும் முன்போலவே தோன்றிக்கொண்டிருக்கிறது. அறிவு சென்று திருத்த முடியாத ஓரிடத்தில் காட்சி உருவாகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த நிரூபணத்தை நான் அறியேன்.

ஆகையால் ஆசிரியர்கள், இரு துளைகள் இட்ட ஒரு கெட்டித்தாளை மாணாக்கரிடம் கொடுத்து, அவ்விரு கட்டங்கள் மட்டும் தெரியுமாறு படத்தின்மேல் வைத்துப் பார்க்கவும், பின்னர் தாளை எடுத்துவிட்டு மறுபடியும் பார்க்கவும் செய்வாராக. இரண்டும் ஒன்றே என்று தெரிந்தும் வேறாகத் தோன்றுவது ஏன் என்னும் வினா அவர்கள் வாயிலிருந்தே எழும் வரையில் விளக்கத்தைத் தொடங்காதிருப்பாராக.